ரோடு அகலமாகிறது, யாருடைய வீடு இடிகிறது?

அமெரிக்காவில் டெக்ஸாஸ் என்றொரு மாநிலம். எண்ணெய்க் கிணறுகளுக்கும் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் பேர்போன மாநிலம். அதன் மிகப் பெரிய நகரம் ஹூஸ்டன். தெற்கே கடற்கரையிலுள்ள கால்வெஸ்டன் ஊரிலிருந்து வடக்கே டல்லாஸ் நகரம் வரை போகும் 45-ம் நம்பர் பெருஞ்சாலை இந்த ஹூஸ்டனின் நடுவயிற்றைக் கிழித்துக் கொண்டு ஓடுகிறது. அந்தச் சாலையில் குறுக்கு வீதி கிடையாது. சைகை விளக்கு கிடையாது. காரும் லாரியும் நிற்காமல் பறப்பதற்கென்றே கட்டியது. இப்படிப்பட்ட சாலைக்கு அங்கே ‘பிரீவே’ என்று பெயர். ஆனால் காலையிலும் மாலையிலும் அங்கே எந்தக் காரும் பறப்பதில்லை. எறும்புச் சாரிபோல ஊர்கிறது.

இந்த நெரிசலைத் தீர்த்து வைக்கிறோம் என்று டெக்ஸாஸ் மாநிலப் போக்குவரத்து இலாகா ஒரு திட்டம் போட்டது. ‘வட ஹூஸ்டன் நெடுஞ்சாலை அபிவிருத்தித் திட்டம்’ என்று அதற்கு நாமகரணம் செய்தது. நகரின் மையத்திலும் அதற்கு வடக்கேயுமாகச் சுமார் 24 மைல் தூரத்துக்குச் சாலையை இடித்து, அகலப்படுத்தி, சில இடங்களில் வழியையே திருப்பிக் கட்டுவது என்பது ஏற்பாடு. முதலில் 700 கோடி டாலர் ஆகும் என்றார்கள். பிறகு 900 கோடி என்றார்கள். பின்னர் 1,300 கோடி என்றார்கள். சுமார் 20 ஆண்டுக் காலம் பேசி, 2024-ல் நகர மையத்தில் வேலையையும் ஆரம்பித்து விட்டார்கள்.

அபிவிருத்தி! காதுக்கு எவ்வளவு இனிக்கிறது! எதை அபிவிருத்தி செய்கிறார்கள், யாருக்காகச் செய்கிறார்கள், யார் தலையை மிதித்துச் செய்கிறார்கள் என்று கேட்டால்தான் அந்த இனிப்பு கசக்கத் தொடங்குகிறது.

சர்க்கார் கணக்கே சாட்சி

நாம் கற்பனையாக எதுவும் சொல்லத் தேவையில்லை. 2020-ல் அந்த இலாகாவே வெளியிட்ட இறுதி அறிக்கையைப் புரட்டினால் போதும். இந்தச் சாலைக்காக 1,079 குடியிருப்புகள் காலி செய்யப்பட வேண்டும் என்று அதில் கண்டிருக்கிறது. அவற்றில் 160 தனி வீடுகள். 433 அடுக்குக் கட்டிட வீடுகள். 486 வீடுகள் சர்க்கார் ஏழைகளுக்கென்று கட்டிய குடியிருப்புகளும், குறைந்த வருமானக்காரர்களின் குடியிருப்புகளும். வீடுகளோடு நிற்கவில்லை. 344 கடைகளும் தொழில் நிலையங்களும், 5 வழிபாட்டுத் தலங்களும், 2 பள்ளிக்கூடங்களும் அகற்றப்பட வேண்டும்.

இந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். போகும் வீடுகளில் நூற்றுக்கு 45 வீடு பரம ஏழையின் வீடு! நகர மையத்தை ஒட்டி, கிளேட்டன் ஹோம்ஸ் என்று ஏழைகளுக்கென ஒரு குடியிருப்பு இருந்தது. 2017-ல் வந்த ஹார்வி புயல் வெள்ளம் அதைச் சீரழித்தது. வெள்ளத்தில் நொந்தவர்களுக்கு அதே இடத்தில் நல்ல வீடு கட்டித் தந்தார்களா? இல்லை. அந்த இடமே ரோட்டுக்கு விலையாயிற்று. வெள்ளம் பாதியை எடுத்தது. அபிவிருத்தி மீதியை எடுத்தது.

இதே ஹூஸ்டனில் பங்களாக்களும் புல்வெளிகளுமாகப் பெரும் பணக்காரர்கள் வாழும் பேட்டைகளும் இருக்கின்றன. எஞ்சினீயரின் பென்சில் அந்தப் பக்கம் ஏன் போகவில்லை?

“ஏழைகள் இருக்கும் இடத்தில் நிலம் மலிவு. மலிவான வழியாகப் போனால் பொதுப் பணம் மிச்சம்” என்று இதற்கு நியாயம் கூறுவார்கள். நல்ல நியாயம்! அந்த நிலம் ஏன் மலிந்தது? முன்பு போட்ட ரோடுகளால் மலிந்தது. ஹூஸ்டனில் ‘ஐந்தாவது வார்டு’ என்பது கறுப்பு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பேட்டை. 1960-களில் இரண்டு பெருஞ்சாலைகளை அதன் மீது குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார்கள். கடைத்தெரு சிதறிற்று, புகையும் இரைச்சலும் குடியேறின, வசதியுள்ளவன் வெளியேறினான், நில விலை விழுந்தது. வடக்கே இண்டிபெண்டன்ஸ் ஹைட்ஸ் என்று இன்னொரு பேட்டை. 1915-ல் டெக்ஸாஸில் கறுப்பு மக்கள் தாங்களே தனி நகரமாகப் பதிவு செய்து கொண்ட முதல் ஊர் அது. அதன் மீதும் வளைவுச் சாலை ஒன்று பாய்ந்தது. இப்போது அகலப்படுத்தும் திட்டமும் அதே ஊரின் வாசலில் வந்து நிற்கிறது. முதல் ரோடு நிலத்தை மலிவாக்கியது. மலிவாக இருக்கிறதே என்று இரண்டாவது ரோடு வருகிறது. அடித்தவன் அடித்த தழும்பைக் காட்டி, “இவன் அடிபட்டுப் பழகியவன்” என்கிறான்!

இது ஹூஸ்டனின் கதை மட்டுமல்ல. அமெரிக்க மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகாவே ஒப்புக்கொண்ட கணக்குப்படி, பெருஞ்சாலை கட்டிய முதல் இருபது ஆண்டுகளில் 4 லட்சத்து 75 ஆயிரம் குடும்பங்கள், அதாவது 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள், வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும் பகுதி ஏழைகளும் கறுப்பு மக்களும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

“நஷ்ட ஈடு கொடுக்கிறோமே!”

கொடுக்கிறார்கள், மறுக்கவில்லை. ஜனங்கள் கூக்குரலிட்ட பின், 1970-ல் அதற்குச் சட்டமே வந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு விலை. வாடகைக்கு இருப்பவருக்கு இடம் மாறும் செலவும் வாடகை உதவியும். அதற்கு முன் இடிபட்ட வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களில் பலர் வெறுங்கையோடு போனார்கள்.

ஆனால் நஷ்ட ஈடு எதை ஈடு செய்கிறது? சுவருக்கும் கூரைக்கும் விலை போடலாம். வேலைக்குப் போக வாசலிலேயே நின்ற பஸ்ஸுக்கு என்ன விலை? மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக் கொண்டு சாமான் கொடுக்கும் கடைக்காரருக்கு என்ன விலை? தாய் வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்த்துக் கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எந்த அதிகாரி விலை போடுவார்? ஏழைக்குச் சொத்து என்பது இந்த உறவுகள்தான். பேட்டையைப் பிரித்துப் பத்து திசையில் எறிந்துவிட்டு, ஆளுக்கொரு செக் கொடுத்தால் பேட்டை திரும்பி விடாது.

அகலப்படுத்தினால் நெரிசல் தீருமா?

“சிலருக்குக் கஷ்டம்தான், ஆனால் லட்சக்கணக்கானவர்களுக்கு நெரிசல் தீருமே” என்பது அடுத்த வாதம். சரி, தீர்ந்ததா என்று பார்த்து விடுவோம். பரீட்சை ஏற்கெனவே நடந்து விட்டது. அதுவும் அதே ஹூஸ்டனில்!

நகரிலிருந்து மேற்கே காட்டி என்னும் ஊரை நோக்கிப் போகிறது 10-ம் நம்பர் பெருஞ்சாலை. அங்கும் நெரிசல் தாங்கவில்லை என்று 2003-க்கும் 2008-க்கும் இடையே சுமார் 280 கோடி டாலர் செலவில் அகலப்படுத்தினார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள்! உலகின் மிக அகலமான சாலைகளில் ஒன்று என்று மார்தட்டினார்கள்.

பிறகு என்ன நடந்தது? நகரின் போக்குவரத்துக் கண்காணிப்பு நிலையம் பதிவு செய்த நேரக் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2011-க்கும் 2014-க்கும் இடையே மட்டும், காலை நேரத்தில் அந்தச் சாலையைக் கடக்கும் நேரம் நூற்றுக்கு 30 பங்கு கூடியது. மாலை நேரத்தில் நூற்றுக்கு 55 பங்கு கூடியது. 26 தடம் போட்ட ஆறே ஆண்டில் பழையபடி எறும்புச் சாரி!

இதில் மாயம் ஒன்றுமில்லை. நம் கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று வாய்க்காலை அகலமாக வெட்டுகிறார்கள். தண்ணீர் தாராளமாக வருவதைப் பார்த்து, தலைமடைக்காரர் புஞ்சையையெல்லாம் நஞ்சையாக்கிக் கொள்கிறார். அடுத்த வருஷம் கடைமடை பழையபடி காய்கிறது. ரோட்டின் கதையும் இதுதான். சாலை காலியாகக் கிடக்கிறது என்றதும், நேரம் மாற்றிப் போய்க் கொண்டிருந்தவரும் அதே நேரத்துக்கு வருகிறார். பஸ்ஸில் போனவரும் காரில் வருகிறார். நிலம் விற்கும் கம்பெனிகளோ, நகருக்கு வெளியே இருபது முப்பது மைல் தள்ளி வயலையும் புல்வெளியையும் மனை போட்டு, “ரோடு வந்துவிட்டது, வீடு வாங்குங்கள்” என்று பறையடிக்கின்றன. வாங்கியவர் ஒவ்வொருவரும் காரில்தான் வந்தாக வேண்டும். வேறு வழியே வைக்கவில்லை. ரோடு நிரம்புகிறது. “ஐயோ நெரிசல், இன்னும் அகலப்படுத்து!” என்ற கூச்சல் மறுபடி கிளம்புகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அல்ல. ஆண்டனி டௌன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1962-லேயே இதை எழுதி வைத்தார். டூரான்டன், டர்னர் என்ற இரு நிபுணர்கள் 2011-ல் அமெரிக்க நகரங்களின் கணக்கையெல்லாம் அலசி, பெருஞ்சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகளின் ஓட்டமும் கூடிவிடுகிறது என்று காட்டினார்கள். இவர்கள் யாரும் தொழிற்சங்கத் தலைவர்கள் அல்ல. முதலாளித்துவப் பொருளாதாரத்தின் பண்டிதர்கள். அவர்கள் சொன்னதே ரோடு இலாகாவின் காதில் ஏறவில்லை!

மூன்று சாக்குகள்

திட்டத்தை ஆதரிப்பவர்கள் சும்மா இருப்பதில்லை. மூன்று சாக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“ஜனத்தொகை பெருகுகிறது, நாங்கள் என்ன செய்ய?” என்பது முதல் சாக்கு. ஹூஸ்டனில் ஜனங்கள் பெருகியது உண்மை. ஜனங்கள் பெருகினால் போக்குவரத்து பெருக வேண்டும். கார்கள்தான் பெருக வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? ஆலைச் சங்கு ஊதி ஷிப்ட் மாறுகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் பேர் நடந்தும், சைக்கிளிலும், பஸ்ஸிலும் கால்மணி நேரத்தில் கலைந்து போகிறார்கள். அந்த ஆயிரம் பேரும் ஆளுக்கொரு காரில் ஏறினால் வாசலை விட்டு நகர எத்தனை நேரமாகும்? பெருஞ்சாலையின் ஒரு தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2,000 கார் போகலாம். வேலைக்குப் போகும் காரில் பெரும்பாலும் ஒரே ஆள். அதே அகலமுள்ள இடத்தில் போட்ட ரயில் பாதை அதைப்போல் பல மடங்கு ஜனங்களைக் கொண்டு போய்ச் சேர்க்கும்.

“புயல் வந்தால் ஊரைக் காலி செய்ய அகலமான சாலை வேண்டாமா?” என்பது இரண்டாவது சாக்கு. இது உயிர்ப் பிரச்னை. ஆகவே உயிரைக் கொண்டே பதில் சொல்வோம். 2005 செப்டம்பரில் ரீட்டா புயலுக்கு அஞ்சி அந்த வட்டாரத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காரில் கிளம்பினார்கள். சாலைகளெல்லாம் மைல் கணக்கில் அடைத்துக் கொண்டன. கொளுத்தும் வெயிலில் பெட்ரோல் தீர்ந்து நின்றன கார்கள். வெளியேறும் பயணத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதியோர் விடுதியிலிருந்து ஆட்களை ஏற்றிச் சென்ற ஒரு பஸ் இதே 45-ம் நம்பர் சாலையில், டல்லாஸ் அருகே தீப்பற்றி 23 பேர் கருகினார்கள். ஆளுக்கொரு கார் என்ற ஏற்பாடு, ஆபத்து நேரத்தில் எப்படிக் கைவிடும் என்பதற்கு இதைவிடக் கொடிய அத்தாட்சி வேண்டுமா? கார் இல்லாதவனின் கதி என்ன என்பதையோ யாரும் கேட்பதே இல்லை.

“ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைக்கிறதே!” என்பது மூன்றாவது சாக்கு. தொழிலாளியின் பெயரைச் சொல்லித் தொழிலாளியின் வீட்டை இடிக்கிற சாக்கு! ரோடு போடுகிறவனும் தொழிலாளிதான்; அவன் வேலையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தண்டவாளம் போடவும் ஆள் வேண்டும். பஸ் ஓட்டவும், பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். ஓட்டையாய்க் கிடக்கும் பழைய பாலங்களைச் செப்பனிடவும், வெள்ள வடிகால் வெட்டவும், ஏழைக்கு வீடு கட்டவும் ஆள் வேண்டும். தவிரவும், அகற்றப்பட வேண்டிய அந்த 344 கடைகளிலும் நிலையங்களிலும் வேலை செய்தவர்கள் தொழிலாளிகள் இல்லையா?

ரயிலைப் பெயர்த்தவர்கள் யார்?

“அமெரிக்கர்களுக்குக் கார் என்றால் உயிர்; அது அவர்கள் சுபாவம்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சுபாவமல்ல, செய்து வைத்த ஏற்பாடு.

1911 முதல் 1936 வரை ஹூஸ்டனுக்கும் கால்வெஸ்டனுக்கும் இடையே மின்சார ரயில் ஓடியது. 45-ம் நம்பர் சாலையின் தென் பகுதியை அந்த ரயிலின் நிலத்தின் மீதுதான் கட்டினார்கள். 1948-ல் அதன் முதல் பகுதியைத் திறந்தார்கள். மேற்கே போகும் காட்டி சாலையின் கதையும் அதுவே. அதன் ஓரமாகக் கிடந்த பழைய ரயில் பாதையை 1990-களில் பெயர்த்து, அந்த நிலத்தையும் அகலப்படுத்தச் சேர்த்துக் கொண்டார்கள். இரண்டு சாலையின் கீழும் ரயில் புதைந்து கிடக்கிறது!

நாடு முழுவதிலும் இந்த வேலையை நடத்தியவர்கள் யார்? ஜெனரல் மோட்டார்ஸ் என்ற மோட்டார் கம்பெனி, பயர்ஸ்டோன் என்ற டயர் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனிகள் இவையெல்லாம் ஒன்று சேர்ந்து பணம் போட்டன. அந்தப் பணத்தில் ஒரு பஸ் கம்பெனி பல நகரங்களின் டிராம் போக்குவரத்தை வாங்கியது. டிராம் போய் பஸ் வந்தது. அந்தப் போக்குவரத்துக் கம்பெனிகளுக்குப் பஸ்ஸும் டயரும் எண்ணெயும் தாங்களே விற்க வேண்டும் என்று சதி செய்ததாக 1949-ல் சிகாகோ நகரில் ஜூரிகள் அந்தக் கம்பெனிகளைக் குற்றவாளிகள் என்றார்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்கு என்ன தண்டனை தெரியுமா? 5,000 டாலர் அபராதம்! அதன் பொக்கிஷதாருக்கு ஒரே ஒரு டாலர் அபராதம்!

1956-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் 41,000 மைல் பெருஞ்சாலைத் திட்டத்தில் கையெழுத்திட்டார். செலவில் நூற்றுக்கு 90 பங்கு மத்திய சர்க்காருடையது. அதற்கு யோசனை சொன்ன கமிட்டியின் தலைவர் லூஷியஸ் கிளே, ஜெனரல் மோட்டார்ஸின் டைரக்டர்களில் ஒருவர். அப்போது ராணுவ மந்திரியாக இருந்த சார்லஸ் வில்சன், அதே ஜெனரல் மோட்டார்ஸின் முன்னாள் தலைவர். கள்ளுக்கடைக்காரரே ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

பிற்காலத்திலும் மாறவில்லை. காட்டி சாலையை அகலப்படுத்த முன்னின்ற ஹூஸ்டன் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் கல்பர்சன், அதே நகரின் ரிச்மண்ட் வீதியில் ரயில் போட மத்தியப் பணம் கிடைக்காதபடி பல ஆண்டுகள் தடுத்து வந்தார். ரோட்டுக்குப் பணம் கொட்டும். ரயில் என்றால் பெட்டி பூட்டிக் கொள்ளும்.

பணம் யாருடையது? 2015-ல் டெக்ஸாஸ் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள். விற்பனை வரியிலிருந்து ஆண்டுக்கு 250 கோடி டாலர் வரை ரோட்டு நிதிக்குப் போக வேண்டும் என்றது அந்தத் திருத்தம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அதிலிருந்து ஒரு செப்புக் காசு எடுக்க முடியாது. அதாவது, கார் இல்லாமல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஏழை, தன் சட்டைக்கும் சோப்புக்கும் கொடுக்கும் வரி, தன் வீட்டை இடிக்கும் சாலைக்குப் போகிறது!

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை

இது ஆண்டவன் எழுதிய எழுத்தல்ல, அழிக்க முடியும். அழித்தும் காட்டியிருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோ நகர ஜனங்கள் எழுப்பிய எதிர்ப்பால் 1959-ல் அந்நகர சபை, திட்டமிட்டிருந்த பத்துப் பெருஞ்சாலைகளில் ஏழை ரத்துச் செய்தது. அங்கே கடற்கரையோரம் பாதி கட்டி நின்ற மேல்தளச் சாலை 1989 பூகம்பத்தில் பழுதானது. 1991-ல் அதை இடித்தே விட்டார்கள். நகரம் முடங்கிப் போகவில்லை. தலைநகர் வாஷிங்டனில், “கறுப்பர் வீடுகளின் மீது வெள்ளையர் ரோடா?” என்று கறுப்பு மக்களும் வெள்ளை மக்களும் தோளோடு தோள் நின்று கேட்டார்கள். பல பெருஞ்சாலைகள் கைவிடப்பட்டன. 1976 முதல் அங்கே சுரங்க ரயில் ஓடுகிறது.

ஹூஸ்டன் ஜனங்களும் அடங்கிப் போகவில்லை. வீடு வீடாகச் சென்று ஆள் திரட்டினார்கள். விசாரணைக் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் ஜில்லா நிர்வாகம் 2021 மார்ச்சில் மாநில இலாகா மீது வழக்குத் தொடுத்தது. அதே மாதம், சிவில் உரிமைச் சட்டப்படி விசாரிக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு நின்றது. 2023 மார்ச்சில் ஒப்பந்தம் ஏற்பட்டது. வடிகால் வசதி, காற்றில் நச்சைக் கண்காணிக்கும் ஏற்பாடு, குறைந்த வாடகை வீடுகளுக்கு 3 கோடி டாலர் என்று சில சலுகைகள் வந்தன. போராடியிராவிட்டால் இதுவும் வந்திராது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,300 கோடியில் 3 கோடி! ரோட்டுக்கு நூறு ரூபாய் என்றால், வீடிழந்தவர்களின் ஊருக்குக் கால் ரூபாய்கூட இல்லை. பொறுக்கித் தின்னப் போட்ட பருக்கையைக் காட்டி விருந்து வைத்ததாகச் சொல்லிக் கொள்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ரோடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விளைபொருள் சந்தைக்குப் போக வேண்டும்; நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; தொழிலாளி வேலைக்குப் போக வேண்டும். ஜனங்கள் போய்ச் சேருவதற்காக ரோடு. கார் விற்பதற்காகவும், எண்ணெய் விற்பதற்காகவும், மனை விற்பதற்காகவும் ரோடு போட்டுவிட்டு, அதற்கு ‘அபிவிருத்தி’ என்று பெயர் சூட்டுவதைத்தான் கண்டிக்கிறோம்.

ஆகவே, எந்த நாட்டிலும் எந்தச் சர்க்காரும் ‘சாலை அபிவிருத்தி’ என்று வரைபடத்தை விரித்தால், பாட்டாளி மக்கள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தக் கோடு யார் வீட்டின் மீது போகிறது? கார் இல்லாதவனுக்கு இதில் என்ன இருக்கிறது? இதே பணத்தில் பஸ்ஸும் ரயிலும் விட்டால் எத்தனை பேர் போகலாம்? சென்ற முறை அகலப்படுத்தியபோது நெரிசல் தீர்ந்ததா?

ஹூஸ்டனில் இந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால், 1,079 வீடுகள் மீது அந்தக் கோடு விழுந்திருக்காது. 26 தடம் போட்டும் தீராத நெரிசல், இன்னும் நாலு தடம் போட்டால் தீரும் என்பவர்களை ஜனங்கள் ஒரு நாள் கணக்குக் கேட்டே தீருவார்கள். அந்த நாள் விரைந்து வர, ஏழையின் வீட்டு வாசலில் அளவுச் சங்கிலியோடு வந்து நிற்பவனை ஊரே திரண்டு நின்று கேட்கட்டும்: ரோடு யாருக்கு?